மங்கலுக்கு ஒரு பேரம்

ஸஹாப்தீன் முதலாளி பல் பிடுங்கப் போன இடத்திலும் பேரம் பேசியவர். இரண்டு பல்லாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். டொக்டரும் மனமிரங்கிக் குறைத்துவிட்டார். நோவே இல்லாத ஒரு கடைவாய்ப் பல்லை இவர் லாபத்தில் இழந்துவிட்டு வந்தார். மாத்தளைப் பிரதான வீதியில் அவருடைய மிளகு, கராம்புக் கடையைத் தெரியாதவர்கள் உண்டு. அந்தப் பல்லைத் தெரியாதவர்கள் இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு 2007ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. ஒரே மகள் ஸரீனாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. உக்குவளைப் பையன், பெயர் நுஹ்மான். தோஹாவில் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்றால், கட்டட வரைபடத்தைப் பார்த்து, இதற்கு எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கல், எத்தனை கதவு என்று கணக்குச் சொல்வது. தரகர் அப்துல் ஸமத் இதைச் சொன்னபோது முதலாளி மகிழ்ந்துபோனார். கணக்குத் தெரிந்த மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும்? வாய்த்தால் என்ன ஆகும் என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

கலியாணம் பேசிய அன்று, மாப்பிள்ளையின் தாய் உம்மு குல்தூம், வட்டிலப்பத்தை ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டே, "மகளுக்குக் குடுக்கிற வீடு எப்பிடி?" என்று கேட்டார். முதலாளிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"மேல் மாடி, கீழ் மாடி, முழுசா மகளுக்குத்தான். ஒரு செங்கல்லு கூட எனக்கு வாணாம்."

சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. இனிமேல்தான் கட்டப்போகிற அந்த வீட்டின் கீழ்த்தட்டில் வீதியைப் பார்த்த பெரிய அறையை, தன் மிளகு மூட்டைகளுக்காக அவர் எப்போதோ மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தார். செங்கல் முழுவதும் மகளுக்கு. செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடம் மட்டும் வாப்பாவுக்கு. வியாபாரத்தில் இதற்குப் பெயர் மாதிரி காட்டுவது. மூட்டையின் மேலே நல்ல மிளகு இருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொதுவாக யாரும் சபையில் வைத்துக் கேட்பதில்லை.

மாப்பிள்ளை கேட்டுவிட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். வீட்டுப் பிளானைத் தெளிவான படமாக ஈமெயிலில் அனுப்ப முடியுமா என்று ஸமத் மூலமாகச் செய்தி வந்தது.

முதலாளி அன்றைக்கே, பிளான் வரைந்த தர்மராஜாவிடம் போனார். தர்மராஜாவின் அறை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்தது. பூர்வீகம் யாழ்ப்பாணம்; பிறந்து வளர்ந்ததெல்லாம் மாத்தளை. அரசாங்க இலாகாவில் படம் வரைந்துகொண்டிருந்தவர், கண்டிக்குப் போய்க் கொம்பியூட்டரில் வரையப் படித்துவிட்டு, வேலையை உதறி இந்த அறையைத் திறந்திருந்தார். தன் கோடுகள்மேல் அவருக்கு இருந்த காதலைப் பார்த்து அவருடைய மனைவி மங்கையற்கரசியே பொறாமைப்பட்டதாகக் கேள்வி. சுவர்க் கோடு தடிப்பு, கதவுக் கோடு மெல்லிசு, அளவுக் கோடு மயிரிழை. யாராவது எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் போட்டிருப்பதைக் கண்டால், உப்பில்லாக் கஞ்சி குடித்தவர்போல முகத்தைச் சுளிப்பார்.

"தம்பி, மாப்பிள வீட்டுக்குப் படத்த ஈமெயில்ல அனுப்பணும்" என்றார் முதலாளி. "உங்கட கொம்பியூட்டர் ஃபைல் வாணாமாம். ஃபோட்டோ மாதிரி, படமாக் கேக்குறார். தெளிவா வேணுமாம்."

தர்மராஜாவின் முகம் மலர்ந்தது. அந்த அறையில் தெளிவு வேண்டும் என்று கேட்ட முதல் மனிதன், கடல் கடந்து தோஹாவில் இருந்தாலும், அவருக்கு அப்போதே சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

"அப்படிக் கேளுங்க முதலாளி! மத்தவங்க என்ன செய்றாங்க தெரியுமா? திரையில தெரியிறத அப்படியே படமா அடிச்சுக் கொடுத்துருவாங்க. கறுப்புப் பின்னணி, அதுல மஞ்சளும் பச்சையுமா கோடு. கல்யாண வீட்டு லைட்டு மாதிரி இருக்கும். நான் முதல்ல தாள் அளவு போட்டு, வெள்ளைப் பின்னணியில, கோட்டுத் தடிப்பெல்லாம் சரி பண்ணி, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளியில எடுப்பேன். ஜேபெக் கிட்டயே போக மாட்டேன். அது எழுத்தச் சுத்தி அழுக்குப் பூசும். பி.என்.ஜி.தான். நல்லாப் பெருசாக்கிப் பாத்தாலும் எழுத்து கண்ணாடி மாதிரி நிக்கும். 'மிளகு ஸ்டோர்'னு போட்டிருக்கேனே, அதுல புள்ளிகூட..."

"அங்கதான் தம்பி நோவு."

முதலாளி விஷயத்தைச் சொன்னார். தர்மராஜா திரையைப் பார்த்தார். கீழ்த்தட்டின் முன்னறைக்கு நடுவில் 'மிளகு ஸ்டோர்' என்ற எழுத்து, தன் அழகில் தானே மயங்கி நின்றது.

"அந்த எழுத்த மட்டும் அழிச்சிருங்களேன்."

"முடியாதுங்க. அனுமதி வாங்கின பிளான். ஒரு வீட்டுக்கு ரெண்டு பிளான் கொடுக்கிற வேலை என்கிட்ட இல்ல."

"அழிக்க வாணாம். மங்கலா அனுப்புங்க. முந்நூறு புள்ளி கூடத் தம்பி. நூறு போடுங்க."

தர்மராஜாவுக்கு முதலில் புரியவில்லை. பேரம் பேச வருகிறவர்கள் காசைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்கு அவரிடம் பதில்கள் தயாராக இருந்தன. காசை முழுதாகத் தருகிறேன், சரக்கைக் குறையுங்கள் என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

"நூத்தம்பதுக்குக் கீழ போனா எழுத்து வாசிக்க முடியாதுங்க."

"அப்ப அதுக்குக் கீழதானே நமக்கு வேணும்!"

"மூலையில என் பேர் இருக்கு முதலாளி. தர்மராஜா இப்படியா வரைவான்னு கேப்பாங்க."

"உங்கட பேரும் சேந்து மங்கிரும். யாரு வரைஞ்சதுண்டு அல்லாஹ்வுக்கு மட்டுந்தான் தெரியும்."

தர்மராஜா அசையவில்லை. முதலாளி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிச் சரக்கை இறக்கினார்.

"தம்பி, அண்டைக்கி உங்கள ரோட்டுல நிப்பாட்டினாங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கிற விஷயம் இல்லை. பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடியில், பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கி ஒன்றின் படத்தோடு தர்மராஜா அரை நாள் நின்றிருந்தார். உயரம், அகலம், தூணின் தடிப்பு எல்லாம் பளிச்சென்று போட்ட ஒரு கட்டடப் படம், அந்த வருஷத்தில், ஒரு தமிழன் கைப்பையில் ஏன் இருக்கிறது என்பதைச் சிங்களத்தில் விளக்குவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அதுவும் தண்ணீர் குடிப்பதற்காகத்தான் என்று சொன்னபோது, இன்னும் சந்தேகப்பட்டார்கள்.

"அந்தப் படம் மங்கலா ஈந்திருந்தா, கிறுக்கன் என்னமோ கிறுக்கியிருக்கான்டு உங்கள விட்டிருப்பாங்க. தெளிவுதான் தம்பி இந்த நாட்டுல ஆபத்து."

தர்மராஜாவிடம் இருந்த ஒரே பதில், ஆமாம் என்பது. நூறு, தொண்ணூறு, எண்பது என்று இறங்கி, கடைசியில் எழுபத்திரண்டில் வந்து நின்றார்கள். அதற்குக் கீழே போனால் கொம்பியூட்டருக்கே வெட்கமாக இருக்கும் என்றார் தர்மராஜா. ஜேபெக்கில், அதிலும் ஆகக் குறைந்த தரத்தில் படம் எடுக்கப்பட்டது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுவர் தெரிந்தது. கதவு தெரிந்தது. எழுத்து இருந்த இடங்களில் எறும்பு மொய்த்திருந்தது.

"மாஷா அல்லாஹ்! அருமையான படம்" என்றார்.

தர்மராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் தோஹா போய்ச் சேர்ந்தது. எழுத்து ஒன்றும் விளங்கவில்லையே, தெளிவாக அனுப்பச் சொல்லுங்கள் என்று ஸமத் மூலமாகப் பதில் வந்தது. முதலாளி கொஞ்சமும் கலங்கவில்லை. நாட்டில் அப்போது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு காரணம் இருந்தது.

"நாட்டு நிலமதான் தெரியுமே ஸமத். லைன் சரியில்ல."

இரண்டாம் தடவை கேட்டபோதும் நாட்டு நிலைமைதான். மூன்றாம் தடவை கேட்டபோது மின்சாரம், அதுவும் நாட்டு நிலைமையால். வடக்கிலும் கிழக்கிலும் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த சண்டை, மாத்தளையில் ஒரு மிளகு அறையையும் காவல் காத்துக்கொண்டிருந்தது. சண்டைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று முதலாளி கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை. பெரிய பெரிய இடங்களிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை திறக்கிற நேரம். ஸமத் குடையை மடக்காமலே உள்ளே வந்தார். முகம் வாடியிருந்தது.

"நானா, காரியம் கெட்டுப் போச்சு. மாப்பிளட உம்மா கலியாணம் வாணாம்டு செல்றாங்க."

முதலாளி பாதி திறந்த கதவை அப்படியே விட்டார். "மிளகு ஸ்டோர் தெரிஞ்சிருச்சா?"

"என்ன ஸ்டோர்? அது ஒண்ணுமில்ல. பாத்ரூம்!"

ஸமத் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். மாப்பிள்ளை அந்த மங்கல் படத்தை உக்குவளையில் இருக்கும் தாய்க்கும் அனுப்பியிருக்கிறான். அவர் அதைத் தாளில் எடுத்து, குடும்பத்தில் படிப்பு உள்ளவர்கள் என்று பெயரெடுத்த எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். எழுத்து யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் மலசலகூடக் கோப்பை விளங்கியிருக்கிறது. எவ்வளவு மங்கினாலும் அதன் உருவம் மனிதனுக்கு விளங்கிவிடும் போலிருக்கிறது. அது இடது பக்கம் பார்த்தபடி இருந்தது. காகிதத்தின் மேற்பக்கம் வடக்கு என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அப்படியானால் இடது பக்கம் மேற்கு, தொழுகைக்கு முகம் திருப்புகிற திசை.

"மேற்கு, நானா! கிப்லா! கிப்லாவப் பாத்துக் குந்துற மாதிரி கக்கூஸ் வெச்சிருக்கிற ஊட்டுல ஏண்ட மகன் எப்பிடி வாழுறண்டு கேக்குறாங்க. ஊரெல்லாம் கேக்குது."

முதலாளி ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், வியாபார நேரத்தில், பிரதான வீதியில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், கலவரம் என்று நினைத்து இரண்டு கடைகளை இழுத்துச் சாத்தினார்கள்.

தர்மராஜா அமைதியாகப் படத்தைத் திறந்து காட்டினார். வீதி கீழ்ப்பக்கம் வரவேண்டும் என்பதற்காக அவர் வீட்டைத் தாளில் திருப்பி வரைந்திருந்தார். வடக்கு இடது பக்கம் இருந்தது. அதைக் காட்டுவதற்கு மூலையில் ஓர் அம்புக்குறி போட்டு, 'வ' என்ற எழுத்தும் போட்டிருந்தார். கோப்பை வடக்கைத்தான் பார்த்தது. கிப்லாவுக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை.

"அந்த அம்பு எங்க தம்பி, நாம அனுப்பின படத்துல?"

தர்மராஜா எழுபத்திரண்டு புள்ளிப் படத்தைத் திறந்தார். அம்பு இருந்த இடத்தில் ஒரு கரும்பொட்டு இருந்தது. ஈ ஒன்று உட்கார்ந்து நிம்மதியாகப் போய்விட்ட மாதிரி.

"உங்க மிளகோட சேந்து வடக்கும் மங்கிருச்சுங்க" என்றார் தர்மராஜா. அந்த வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். தெளிவான படத்தை அனுப்பினால் கக்கூஸ் பிழைக்கும், மிளகு அகப்படும். அனுப்பாவிட்டால் மிளகு பிழைக்கும், கலியாணம் போய்விடும். ஆனால் பழகிய வியாபாரி இரண்டு வழி மட்டும் இருக்கிற இடத்தில் நிற்க மாட்டான்.

"தம்பி, அந்தப் பாத்ரூம மட்டும் வெட்டி எடுங்க. அம்பையும் சேத்து. தெளிவா. முந்நூறு போதுமா? அறுநூறு போடுங்க!"

வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் எதையோ கூட்டிக் கேட்டார். தர்மராஜா தன் முழுத் திறமையையும் அந்தக் கக்கூஸில் இறக்கினார். தரை ஓட்டின் ஒவ்வொரு கட்டமும், தண்ணீர்க் குழாயும், கதவு திறக்கிற வளைவும், கோப்பையின் இரட்டைக் கோடும், தாளின் மூலையில் இருந்து பக்கத்தில் கொண்டுவந்து வைத்த அம்பும், பார்த்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. படம் அவ்வளவு பெரிதாகிவிட்டதால் ஈமெயில் அனுப்புகிற கொமியூனிகேஷன் கடையில் அது போய் முடியும்வரை முதலாளி மூன்று பிளேன்டீ குடித்தார்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் இருந்து பதில் வந்தது. ஸமத் அதை ஒப்புவித்தார்.

"பாத்ரூம் மிச்சம் நல்லா ஈக்குதாம். உம்மாவும் சமாதானமாம். லைன் இப்ப நல்லா வேல செய்ற மாதிரி ஈக்குது, அதே மாதிரி தெளிவா மத்த ஊட்டையும் அனுப்பச் சென்னார்."

நாட்டு நிலைமை ஒரே இரவில் கைவிட்டுவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் முதலாளி சோற்றில் கை வைக்கவில்லை. மனைவி ஸுபைதா கறியைத் தள்ளி வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸரீனாதான் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஸமத் எதையும் இரகசியமாக வைத்திருக்கத் தெரிந்த தரகர் அல்ல. அப்படி ஒரு தரகர் இருந்தால் அவருக்குத் தொழில் ஓடாது.

"வாப்பா, நீங்க என்னயக் கட்டிக் கொடுக்கிறீங்களா, மிளகக் கட்டிக் கொடுக்கிறீங்களா?"

"சும்மா இரி மகள். ஒனக்கு ஒண்ணும் தெரியா."

"எனக்குத் தெரியும். அவரு தோஹாலேருந்து ரெண்டு தரம் ஃபோன் எடுத்தாரு. உம்மா பக்கத்துல ஈக்கும்போதுதான்." ஸரீனா தாயைப் பார்த்தாள். ஸுபைதா கறிச் சட்டியைப் பார்த்தார். "நல்ல மனுசன் வாப்பா. எனக்குப் புடிச்சிருக்கு. இத நீங்க மிளகுக்காகக் கெடுத்தீங்கண்டா, அந்த மிளகு மூட்டைக்கி நீங்களே மாப்பிள பாருங்க. நான் வேற யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். கண் கலங்கியிருந்ததை அவள் மறைக்கவில்லை. அதில் மங்கல் எதுவும் இருக்கவில்லை. மிளகு அடுத்த போகத்திலும் காய்க்கும். இந்தக் கணக்கை முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு கையைக் கழுவினார்.

மாலையில் தர்மராஜாவின் படிகளில் ஏறினார்.

"மிளகு ஸ்டோர எடுத்துருங்க தம்பி. பொய்க்கு இல்ல, மெய்யாவே எடுத்துருங்க. படுக்க அறையா மாத்துங்க. வீதிப் பக்கம் பெரிய வாசல மூடி, ரெண்டு ஜன்னல் போடுங்க. திருத்தின பிளானுக்குத் திரும்ப அனுமதி எடுப்பம். அதுக்கு முந்தி முழுப் படமும் முந்நூறுல அனுப்புங்க."

"பேரம் இல்லையா?"

"இல்ல."

தர்மராஜாவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. தோற்றுப்போன மனிதனைப் பார்ப்பதைவிட, பேரம் பேசாத ஸஹாப்தீன் முதலாளியைப் பார்ப்பது கஷ்டம். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். படத்தை மாற்றி, தாள் அளவு போட்டு, தடிப்புகளைச் சரிபார்த்து, வெள்ளைப் பின்னணியில் பி.என்.ஜி.யாக எடுத்தார். ஒவ்வோர் எழுத்தும் செதுக்கியதுபோல இருந்தது. மூலையில் வடக்கு அம்பு பளிச்சென்று நின்றது. அதற்குப் பக்கத்தில் தர்மராஜாவின் பெயரும்.

இரண்டு நாள் கழித்து முதலாளியின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஸமத் வழியாக அல்ல, மாப்பிள்ளையே நேரில்.

"மாமா, படம் கெடச்சிச்சு. நல்ல தெளிவு. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்டோர் எங்க?"

முதலாளி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "எந்த ஸ்டோர், மகன்?"

"மொதப் படத்துல ஈந்துச்சே. கீழ, வீதிப் பக்கம். எப்பிடியும் எட்டடி வரும் வாசல், ஜன்னல் ஒண்ணுமில்ல. எழுத்து வெளங்காட்டி என்ன மாமா, அது மனுசன் படுக்கிற அறையா? எனக்கு அதுதானே தொழில். அதோட அளவு பாக்கத்தான் தெளிவா அனுப்புங்கண்டு கேட்டுட்டே இருந்தேன்."

"நீங்க... அதுல கோவமில்லயா?"

"என்ன கோவம்? எனக்கு தோஹா போதும் மாமா. இன்னும் ரெண்டு வருசத்துல வந்து மாத்தளையில ஹார்ட்வேர் கடை ஒண்ணு போட நெனச்சேன். மாமா வாயால செல்லாம, நமக்குண்டு கடைக்கி எடம் வெச்சிருக்காருண்டு உம்மாகிட்ட பெருமையாச் சென்னேன். இப்ப என்னடாண்டா அதுல கட்டில் போட்டிருக்கீங்க!"

முதலாளி சுவரில் சாய்ந்தார். நோவில்லாத இரண்டாவது பல்லையும் தானே போய்ப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருப்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஆனால் இந்தப் பல் இன்னும் டொக்டர் கையில்தான் இருந்தது. அத்திவாரமே வெட்டவில்லை. அவருடைய குரல் தன்பாட்டில் நிமிர்ந்தது.

"கட்டிலத் தூக்கிரலாம் மகன். ஆனா அது பெரிய எடம். ஹார்ட்வேருக்கு அவ்வளவு தேவையில்ல. பாதியில நான் கொஞ்சம் மிளகு வெச்சா..."

மறுமுனையில் கல்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பாதி ஏலா மாமா. மூணுல ஒண்ணு."

"நான் கட்டுற வீடு மகன்!"

"எனக்குத் தாற வீடு மாமா. ஒரு செங்கல்லு கூட வாணாம்டு சென்னீங்களாம்."

முதலாளி தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, முகமெல்லாம் வெளிச்சமாகக் கத்தினார்.

"ஸுபைதா! நல்ல மாப்பிள! பேரம் பேசுறான்!"

உள்ளறையில் ஸரீனா சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் தர்மராஜா மறுபடியும் படத்தைத் திறந்தார். கட்டிலைத் தூக்கினார், ஜன்னல்களை மூடினார், எட்டடி வாசலைத் திரும்பத் திறந்தார். இனி நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஒரு பக்கம் மருமகனின் ஹார்ட்வேர், மறுபக்கம் மாமனாரின் மிளகு. சுட்டியைப் பிடித்தபடி கேட்டார்:

"சுவர் எந்த இடத்துலங்க? பாதியிலயா, மூணுல ஒண்ணுலயா?"

முதலாளி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"மத்ததெல்லாம் முந்நூறுல எடுங்க தம்பி. அந்த ஒரு கோட்ட மட்டும்," என்றார், "கொஞ்சம் மங்கலாப் போட ஏலுமா?"